கர்ப்பப்பையை எடுக்கச் சம்மதம், ஜெல் தடவப் பயம்

போன ஆடியில் அக்கா வந்து ஒரு வாரம் என் வீட்டில் தங்கினாள். காற்று ஜன்னல் கதவைப் போட்டு அடித்துக்கொண்டிருந்த ராத்திரியிலும் அவளுக்கு ஃபேன் ஐந்தில் ஓட வேண்டும். இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால், ஃபிரிட்ஜில் இருந்த எவர்சில்வர் தம்ளரைக் கழுத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு அடுப்பங்கரைத் தரையில் உட்கார்ந்திருப்பாள். நைட்டி முதுகோடு ஒட்டிக் கிடக்கும். "ஒண்ணுமில்லட்டி, நீ போய்ப் படு" என்பாள். நாலாம் நாள்தான் ஒரு மஞ்சள் ஃபைலைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள்.

அக்காவுக்கு 49 வயது. மெனோபாஸ், அதாவது மாதவிடாய் நிற்கும் கட்டம். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நான் பார்மசி படித்துவிட்டு மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவள், டாக்டர் இல்லை. ஃபைலில் ஒரு ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள்கள், இரண்டு டாக்டர்களின் சீட்டு. முதல் டாக்டர் "கர்ப்பப்பையை எடுத்திடலாம், இனிமே அது எதுக்கு?" என்றிருக்கிறார். இரண்டாவது டாக்டரம்மா ஈஸ்ட்ரோஜன் ஜெல்லும் ப்ரொஜெஸ்டிரோன் மாத்திரையும் எழுதியிருக்கிறார். இரண்டும் ஹார்மோன். அந்தச் சீட்டு மடித்தது மடித்தபடியே இருந்தது. கூட வேலை பார்க்கும் டீச்சர் கொடுத்த சூரணப் பொட்டலம் ஒன்று. அத்தானுடைய அம்மாவின் யோசனை தாளில் இல்லை, அக்கா வாயால் சொன்னாள்: "எல்லாருக்கும் வர்றதுதான், ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கோ." போதாக்குறைக்கு லண்டனில் இருக்கும் சித்தி மகள் வாட்ஸப்பில், "ஏன்க்கா இன்னும் ஹார்மோன் பேட்ச் போடல?"

ஆபரேஷனுக்கு அக்கா தேதியே குறித்துவிட்டாள். காலாண்டு லீவில். ஜெல் சீட்டை மட்டும் விரல் நுனியால் தள்ளி, "இது வேண்டாம், கேன்சர் வருமாம்ல?" என்றாள்.

பதினெட்டு வருஷமாகக் கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று நான் பார்ப்பது இதைத்தான். வயிற்றைக் கீறி ஓர் உறுப்பையே எடுக்கச் சட்டென்று தலையாட்டுகிறோம். ஹார்மோன் என்று சொன்னால் கை நடுங்குகிறது. அதுவும் எல்லா ஹார்மோனுக்கும் நடுங்குவதில்லை. கோயில் கொடை, கல்யாணம், பழனிக்குப் போக வேண்டும் என்று "தள்ளிப்போடுற மாத்திரை" கேட்டு வருபவர்கள் யாரும் சீட்டு கொண்டுவருவதில்லை. அது நார்எத்திஸ்டிரோன். அதுவும் ஹார்மோன்தான். ஒரு நாளைக்கு மூன்று வேளை, மொத்தம் 15 மில்லிகிராம் விழுங்குவார்கள். மெனோபாஸுக்குக் கொடுக்கும் கலவை மாத்திரைகளில் அதே மருந்து அரை மில்லியோ ஒரு மில்லியோதான் இருக்கும். சாமிக்காக 15 மில்லி விழுங்கத் தயங்காதவர்கள், தூக்கத்துக்காக ஒரு மில்லிக்குப் பயப்படுகிறார்கள்.

சரி, ஃபைலுக்கு வருவோம்.

அக்காவுக்கு இருந்தது ஒரு தொந்தரவு இல்லை, இரண்டு. இதை முதலில் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஒன்று, ரத்தப்போக்கு. மாதம் தவறி வருகிறது, வந்தால் பத்து நாள் நிற்பதில்லை. ஹீமோகுளோபின் 8.4. இன்னொன்று, திடீரென்று நெஞ்சிலிருந்து தலைக்கு ஏறும் சூடு, வேர்வை, தூக்கமின்மை. கரும்பலகை முன்னால் நின்று கணக்குப் போடும்போதே வந்துவிடும் என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தால், எட்டாங்கிளாஸ் பிள்ளைகள், "டீச்சர் அழுறாங்க" என்று பேசிக்கொள்ளுமாம்.

முதலாவது, கர்ப்பப்பையோடு சம்பந்தப்பட்டது. இரண்டாவதுக்கும் கர்ப்பப்பைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. உடம்பின் வெப்பத்தைச் சமன்செய்யும் இடம் மூளைக்குள், ஹைப்போதலாமஸில் இருக்கிறது. சினைப்பையிலிருந்து ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கி, பிறகு குறையும்போது அங்கே உள்ள நரம்பணுக்கள் சில கட்டுப்பாடு இழந்து துள்ளுகின்றன. கொஞ்சம் சூடு கூடினாலே, "ஐயோ, எரியுது" என்று முடிவெடுத்து ரத்தக் குழாய்களை விரித்து வேர்வையைத் திறந்துவிடுகிறது மூளை. கர்ப்பப்பையை எடுத்தால் ரத்தப்போக்கு நிற்கும். ராத்திரி இரண்டு மணிக்குத் தம்ளரைத் தேடுவது நிற்காது.

இதை யாரும் அக்காவிடம் சொல்லவில்லை. அவள் ஒரே ஆபரேஷனில் எல்லாம் போய்விடும் என்று நம்பித்தான் தேதி குறித்திருந்தாள்.

பொறுத்துக்கொள்வதும் ஒரு வழிதான், அதை நான் கேலி செய்ய மாட்டேன். நம் நாட்டில் மாதவிடாய் சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது. மேலை நாடுகளில் 51. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வராமல் இருந்தால் நின்றுவிட்டது என்று அர்த்தம். பல பெண்களுக்கு லேசான சூட்டோடு கடந்து போய்விடும். அவர்களுக்கு எந்த மருந்தும் வேண்டாம். ஆனால் "ரெண்டு வருஷம்" என்ற கணக்குதான் தப்பு. அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை 1990களிலிருந்து தொடர்ந்து கவனித்த ஸ்வான் ஆய்வு, அடிக்கடி சூடேறும் தொல்லை உள்ளவர்களுக்கு அது சுமார் 7.4 வருஷம் நீடிப்பதாகச் சொன்னது. அது இடைநிலைக் கணக்கு. பாதிப் பேருக்கு அதற்கும் மேல். ஏழு வருஷம் பல்லைக் கடித்தால் பல்தான் போகும்.

பொறுக்கவே கூடாத இரண்டு உண்டு. ஒரு வருஷம் நின்றபிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் டாக்டரிடம் போக வேண்டும். அப்படி வருகிறவர்களில் பத்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவாகக் கர்ப்பப்பை உட்சவ்வில் புற்றுநோய் இருப்பதுண்டு. மற்றது, அக்கா மாதிரி 45 வயதுக்கு மேல் கண்டபடி ரத்தம் போவது. இதற்கு உட்சவ்விலிருந்து துளி திசு எடுத்துப் பரிசோதித்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு. அக்காவின் ஃபைலில் அந்தத் தாள் இல்லை. ஆனால் எஃப்.எஸ்.எச். என்ற, சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனின் ரிசல்ட் இருந்தது. 45ஐத் தாண்டியவருக்கு மெனோபாஸா என்று தெரிந்துகொள்ள அந்தப் பரிசோதனை பெரும்பாலும் தேவையில்லை. இந்தக் கட்டத்தில் அது இன்று ஒன்று காட்டும், அடுத்த மாதம் இன்னொன்று காட்டும். அந்தக் காசுக்குத் தைராய்டு பார்த்திருக்கலாம். படபடப்பு, வேர்வை, எடை மாற்றம் எல்லாம் தைராய்டிலும் வரும்.

இப்போது ஆபரேஷன்.

பெரிய கட்டிகள், கர்ப்பப்பை இறக்கம், புற்றுநோய் அல்லது அதற்கு முந்தைய மாற்றம், வேறு எதற்கும் அடங்காத ரத்தப்போக்கு: இவற்றுக்குக் கர்ப்பப்பையை எடுப்பது சரியான வைத்தியம், சிலருக்கு உயிர் காப்பதும் அதுதான். அக்காவின் ஸ்கேனில் இருந்தது 2 செ.மீ. நார்க்கட்டி, அதுவும் கர்ப்பப்பையின் உட்குழியைத் தொடாதது. இந்த மாதிரிக் கட்டிகள் மாதவிடாய் நின்றபிறகு பெரும்பாலும் தானே சுருங்கும். இவளுக்குக் கத்தி கடைசியில் வர வேண்டியது. முதலிலேயே வந்து நின்றது.

நம் பக்கத்தில் இது எவ்வளவு மலிந்துவிட்டது என்பதற்கு ஆந்திராவும் தெலங்கானாவும் சாட்சி; தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் கர்ப்பப்பை நீக்கத்தில் இவ்விரண்டும்தான் முன்னால் நிற்கின்றன. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களைப் பற்றி 2019இல் செய்தி வந்து, அரசு குழு போட்டு விசாரித்தது. 82,000 பேரில் 13,000க்கும் மேற்பட்டவர்களுக்குக் கர்ப்பப்பை இல்லை. மாதவிலக்கு நாளில் வேலைக்கு வராவிட்டால் கூலி பிடிப்பார்கள். அதற்காகவே எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, தேவையில்லாத கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்தில் நடைமுறைப்படுத்த வேண்டும் என்றது.

என் கடைக்கு ஒரு பெண் வருவாள். பீடி சுற்றுகிறவள், நாற்பதை எட்டவில்லை. முட்டு வலிக்கு மாத்திரை, கால்சியம், தூக்கத்துக்கு ஏதாவது என்று கேட்பாள். ஒருநாள் அவள் டிஸ்சார்ஜ் தாளை வாங்கிப் பார்த்தேன். டி.ஏ.எச். என்று எழுதி, கூட்டல் குறி போட்டு, பி.எஸ்.ஓ. என்று இருந்தது. முதல் மூன்றெழுத்து கர்ப்பப்பை. கடைசி மூன்றெழுத்து, இரண்டு சினைப்பைகளும். தனக்குக் கர்ப்பப்பை மட்டும்தான் எடுத்தார்கள் என்று அவள் நாலு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள். சினைப்பை போனால் மெனோபாஸ் படிப்படியாக வராது, ஆபரேஷன் முடிந்த கையோடு வரும். 45க்கு முன் அப்படி ஆனால் எலும்பும் இருதயமும் சேர்ந்து அடி வாங்கும். அதனால்தான் அந்த வயதுக்காரர்களுக்கு, வேறு தடை இல்லையென்றால், இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதுவரை ஹார்மோன் கொடுக்கச் சொல்கிறார்கள். யாருக்கு ஹார்மோன் மிகத் தேவையோ அவளுக்கு அந்தச் சொல்லே காதில் விழவில்லை. சினைப்பையை விட்டுவைத்துக் கர்ப்பப்பையை மட்டும் எடுத்தாலும் மெனோபாஸ் ஒன்றிரண்டு வருஷம் முந்திக்கொள்வதுண்டு. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "டாக்டர், சினைப்பையையும் எடுப்பீங்களா, ஏன்?"

அடுத்தது அக்கா தள்ளிவைத்த சீட்டு. கேன்சர் பயம் சும்மா வந்ததில்லை. அதன் பிறந்த தேதி 2002 ஜூலை.

அதற்கு முன்னால் கதை நேரெதிர். கர்ப்பமான குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை, பிரிமாரின், 1942இலிருந்து அமெரிக்காவில் விற்றது. என்றென்றும் இளமை என்று விளம்பரம். 1975இல், ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுத்தால் கர்ப்பப்பை உட்சவ்வில் புற்றுநோய் கூடுகிறது என்று தெரிந்தது. கர்ப்பப்பை உள்ளவர்களுக்குப் பாதுகாப்புக்கு ப்ரொஜெஸ்டிரோன் வகை ஒன்றைச் சேர்த்தார்கள். பிறகு 1990களில் விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற பெரிய ஆய்வு. 16,608 பெண்கள், பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. 2002இல் பாதியில் நிறுத்தினார்கள். "மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடுகிறது" என்று உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. டாக்டர்கள் எழுதுவதை நிறுத்தினார்கள், பெண்கள் மாத்திரையைக் குப்பையில் போட்டார்கள்.

இந்த 26 சதவீதத்தை நான் அக்காவிடம் விளக்கவில்லை, அவளே போட்டுப் பார்த்தாள். பழைய பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதினாள். மருந்து சாப்பிடாத 10,000 பெண்களில் ஒரு வருஷத்தில் 30 பேருக்கு. சாப்பிட்ட 10,000 பேரில் 38. "எட்டுப் பேரு கூட. பத்தாயிரத்துல எட்டு. இதைத்தான் 26 பர்சென்ட்டுன்னு சொன்னானா? எங்க ஸ்கூல்ல எட்டாங்கிளாஸ் பையன் இப்படி எழுதினா 'எதுல 26 பர்சென்ட்'னு கேட்டு அடிச்சிருப்பேன்."

இன்னொன்றும் உண்டு. அந்த ஆய்வில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆனவர்கள். ராத்திரி வேர்வையால் தூங்க முடியாத 49 வயதுக்காரி அந்தக் கூட்டத்தில் அநேகமாக இல்லை. கொடுத்த மருந்தோ, குதிரை ஈஸ்ட்ரோஜனும் மெட்ராக்ஸிப்ரொஜெஸ்டிரோன் என்ற செயற்கைச் சரக்கும் சேர்ந்த வாய்வழி மாத்திரை. கர்ப்பப்பை இல்லாத பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த இன்னொரு பிரிவும் அதே ஆய்வில் இருந்தது. அதில் மார்பகப் புற்றுநோய் குறைந்தது. 20 வருஷம் கழித்து 2020இல் பார்த்தபோதும் குறைவாகவே இருந்தது. இந்தச் செய்திக்கு யாரும் கொட்டை எழுத்துத் தலைப்புப் போடவில்லை.

அதற்காக ஹார்மோன் அமிர்தம் என்று இப்போது கிளம்பியிருக்கும் கூட்டத்தோடும் நான் சேர மாட்டேன். 2019இல் லான்செட் மருத்துவ இதழில் 58 ஆய்வுகளைத் திரட்டி ஒரு கணக்கு வந்தது. 50 வயதில் ஆரம்பித்து ஐந்து வருஷம் ஈஸ்ட்ரோஜனும் தினமும் ப்ரொஜெஸ்டிரோன் வகையும் எடுத்தால், அடுத்த 20 வருஷத்தில் 50 பேரில் ஒருவருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் வருகிறது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் என்றால் 200 பேரில் ஒருவருக்கு. விமன்ஸ் ஹெல்த் ஆய்வோடு இது முழுக்க ஒத்துப்போகவில்லை, நிபுணர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். ஆனால் 50இல் ஒன்று என்பதை அக்காவிடம் மறைத்திருந்தால் அவள் என்னையும் அந்த முதல் டாக்டரோடு சேர்த்திருப்பாள். பெரும்பாலும் ஆசிரியைகளான பிரெஞ்சுப் பெண்களை வருஷக்கணக்காகத் தொடர்ந்த ஓர் ஆய்வில், செயற்கை வகைகளைவிட இயற்கை ப்ரொஜெஸ்டிரோனோடு மார்பகப் புற்றுநோய் அபாயம் குறைவாகத் தெரிந்தது. டாக்டரம்மாவின் சீட்டில் இருந்தது அந்த வகைதான்.

ஜெல் ஏன் என்று அக்கா கேட்டாள். மாத்திரையாக விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் முதலில் ஈரலுக்குப் போகிறது. அங்கே ரத்தம் உறைய உதவும் பொருட்களைக் கூட்டிவிடுகிறது. தோல் வழியாகப் போவது அந்தச் சுற்றைத் தவிர்க்கிறது. கையிலோ தொடையிலோ தடவுகிற ஜெல், ஒட்டுகிற பேட்ச் இரண்டும் ரத்தக்கட்டு அபாயத்தைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. எடை கூடியவர்கள், பிரஷர் உள்ளவர்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

பலன் என்று பார்த்தால் சூட்டுக்கும் வேர்வைக்கும் இதற்கு மிஞ்சிய மருந்து இன்றுவரை இல்லை. வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டால் முக்கால்வாசி குறைகிறது. எலும்பு முறிவும் குறைகிறது. இப்போதைய பொதுக் கருத்து: 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து வருஷத்துக்குள், தொந்தரவு உள்ளவர்களுக்கு ஆரம்பித்தால் பெரும்பாலோருக்கு நன்மை கூடுதல். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், பக்கவாதம், மாரடைப்பு, ரத்தக்கட்டு கண்டவர்கள், ஈரல் நோய் முற்றியவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள் பக்கம் போகக் கூடாது. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., இந்த மருந்துகளின் பெட்டியில் 20 வருஷத்துக்கும் மேலாக இருந்த கறுப்புக் கட்ட எச்சரிக்கையில் பெரும்பகுதியை நீக்கப்போவதாக அறிவித்தது. லண்டன் தங்கையின் ஊரில் 2023 ஏப்ரலிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு தொகை கட்டினால் இந்த மருந்துகளை அந்த வருஷம் முழுக்க வாங்கலாம். அங்கே 2022இல் கடைகளில் சரக்கே தட்டுப்பாடு. இங்கே அதே ஜெல் என் அலமாரியில் தேதி முடிந்து கம்பெனிக்குத் திரும்பிப் போயிருக்கிறது.

ஹார்மோன் கூடாதவர்களுக்கு வழியில்லை என்று நினைக்க வேண்டாம். மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள், குறைந்த அளவில், வேர்வையைக் குறைக்கும். வென்லாஃபாக்ஸின், பாராக்ஸிடின் என்று சீட்டில் பார்த்ததும், "எனக்குப் பைத்தியம்னு நினைச்சாரா டாக்டர்?" என்று கேட்டுக் கோபத்தோடு திருப்பித் தந்தவர்கள் உண்டு. பைத்தியத்துக்கில்லை அம்மா, மூளையில் வெப்பத்தைப் பார்க்கும் இடத்துக்கு. மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்ஸிஃபென் சாப்பிடுகிறவர்கள் மட்டும் பாராக்ஸிடினைத் தவிர்க்க வேண்டும். டமாக்ஸிஃபென் வேலை செய்வதை அது தடுக்கும். வென்லாஃபாக்ஸின் அந்தச் சிக்கல் இல்லாதது. ராத்திரி வேர்வை மட்டும்தான் தொல்லை என்றால் படுக்கும்போது காபாபென்டின் சிலருக்கு நன்றாகக் கேட்கிறது. 2023இல் அமெரிக்காவில் ஃபெசோலினெடன்ட் என்று புதிது ஒன்று வந்தது. மூளையில் அந்தத் துள்ளும் நரம்பணுக்களையே அடக்குகிறது, ஹார்மோன் இல்லை. ஆனால் அடுத்த வருஷக் கடைசியிலேயே ஈரல் பாதிப்பு பற்றிக் கறுப்புக் கட்ட எச்சரிக்கை ஏறிவிட்டது. என் கடையில் அதை நான் இதுவரை எடுத்துக் கொடுத்ததில்லை.

அந்தச் சூரணப் பொட்டலத்தை விளக்கு வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தோம். பழுப்பு நிறம், லேசாகச் சோம்பு வாசனை. என்ன சேர்ந்தது, யார் செய்தது, எந்தத் தேதி, ஒன்றும் எழுதியில்லை. சித்த மருத்துவத்தின்மேல் எனக்குக் கோபம் இல்லை. படித்த சித்த மருத்துவரிடம் போய்ச் சீட்டு வாங்கி, லேபிள் உள்ள மருந்து சாப்பிடுவது வேறு. ஸ்டாஃப் ரூமில் கைமாறும் பொட்டலம் வேறு. "ஆனா அந்த டீச்சருக்குக் கேட்டிருக்கே" என்றாள் அக்கா. கேட்டிருக்கும். ஹார்மோன் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் அறிக்கையில், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கே சூடேறும் தடவை பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. இது தானாக ஏறி இறங்கும் தொல்லை. உச்சத்தில் இருக்கும்போது எதைச் சாப்பிட்டாலும் அடுத்த மாதம் கொஞ்சம் குறையத்தான் செய்யும்.

2023இல் வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் ஹார்மோன் இல்லாத வழிகளை வரிசையாகப் பார்த்தது. சோயா, ஈவ்னிங் ப்ரிம்ரோஸ் எண்ணெய் இரண்டையும் சூட்டுத் தொல்லைக்குப் பரிந்துரைக்கவில்லை. ஈவ்னிங் ப்ரிம்ரோஸ் கேப்சூல் என் கடையில் நன்றாக ஓடும் சரக்கு, அதையும் சொல்லிவிடுகிறேன். யோகாவும் பட்டியலில் தேறவில்லை. முதுகுக்கும் மனதுக்கும் செய்யுங்கள், வேர்வைக்கு என்று நம்பாதீர்கள். எடை குறைப்பதும் சி.பி.டி. என்ற பேச்சு சிகிச்சையும் தேறின. அந்தப் பேச்சு சிகிச்சை எங்கள் ஊரில் யார் தருகிறார்கள் என்று கேட்டால் நான் வானத்தைப் பார்க்க வேண்டும். கேழ்வரகை விடாதீர்கள், 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. உளுந்தங்களி தின்பதற்கு நல்லெண்ணெயே போதுமான காரணம்.

இத்தனையையும் பேசி முடிக்க இரண்டு ராத்திரி ஆயிற்று. அக்கா முதலில் அந்தத் திசுப் பரிசோதனையைச் செய்துகொண்டாள். ஒன்றுமில்லை என்று வந்தது. மம்மோகிராமும் எடுத்தாள். பிறகு இரண்டாவது டாக்டரம்மாவிடம் ஃபைலோடு போனோம். என் கணக்குப்படி அவளுக்கு ஜெல்லும் மாத்திரையும் போதும். டாக்டரம்மா யோசித்துவிட்டு மாத்திரைக்குப் பதில், ஹார்மோன் காப்பர்-டி வைக்கலாமா என்று கேட்டார். ஊரில் அப்படித்தான் சொல்கிறோம். அதில் காப்பர் துளியும் இல்லை. லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோனைக் கர்ப்பப்பைக்குள்ளேயே சொட்டுச் சொட்டாக விடும் சின்ன டி வடிவச் சாதனம். ரத்தப்போக்கை வெகுவாகக் குறைக்கும், உட்சவ்வையும் காக்கும். ஆகவே அதோடு ஈஸ்ட்ரோஜன் ஜெல்லை மட்டும் சேர்த்துக்கொண்டால் போதும். ஐந்து வருஷத்துக்குக் கவலையில்லை. ஒரே சாமான், இரண்டு வேலை. ரத்தப்போக்குக்கு ஒன்று, வேர்வைக்கு ஒன்று என்று இரண்டாகப் பிரித்த கணக்குக்கு அக்காவே எதிர்பாராத விடை. முதல் மூன்று முதல் ஆறு மாதம் திட்டுத்திட்டாகக் கறை படும் என்று அவர் முன்கூட்டியே சொன்னார். பட்டது. சொல்லாமல் விட்டிருந்தால் அக்கா மூன்றாம் வாரமே பிடுங்கச் சொல்லியிருப்பாள்.

காலாண்டு லீவில் ஆபரேஷனுக்குப் பதில் குற்றாலம் போனாள். இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்து இப்போது ஹீமோகுளோபின் 11. தூக்கம் வருகிறது. சூடு முழுக்கப் போகவில்லை, நாளைக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் போய், தொடர்வதா நிறுத்துவதா என்று பார்க்க வேண்டும். பத்தாயிரத்தில் எத்தனை என்ற அந்தப் பரீட்சைத் தாளையும் ஃபைலில் வைத்திருக்கிறாள்.

கடைசியாக ஒன்று. இது அக்காவின் ஃபைலில் இல்லாதது.

அம்மாவுக்கு 74. வருஷத்தில் நாலைந்து தடவை நீர்க்கடுப்பு வரும். பார்லித் தண்ணீர், இளநீர், வெந்தயம் எல்லாம் ஆகிக் கேட்காவிட்டால் டாக்டர் சீட்டு, என் கடையிலிருந்து ஆன்டிபயாடிக். கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ கூப்பிட்டால், "பாத்ரூம் இருக்குமா?" என்றுதான் முதலில் கேட்பாள். வயசானால் அப்படித்தான் என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். ஈஸ்ட்ரோஜன் போனபிறகு பிறப்புறுப்பும் சிறுநீர்ப் பாதையும் வறண்டு மெலிகின்றன. சூடும் வேர்வையும் வருஷங்களில் அடங்கும், இது வருஷத்துக்கு வருஷம் கூடும். அரிப்பு, எரிச்சல், உறவில் வலி, திரும்பத் திரும்ப நீர்த்தாரைத் தொற்று. பெண்கள் இதை மகளிடமும் சொல்வதில்லை.

இதற்கு உள்ளே தடவுகிற ஈஸ்ட்ரோஜன் கிரீம் இருக்கிறது. முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை. ரத்தத்தில் சேருவது மிகச் சொற்பம். ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க மண்டையைக் குடைய வேண்டிய மருந்தே இல்லை இது. புற்றுநோய் கண்டவர்கள் மட்டும் தங்கள் டாக்டரிடம் பேசிக்கொள்ள வேண்டும். அக்காவோடு போன அன்று டாக்டரம்மாவிடம் அம்மாவைப் பற்றியும் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். அடுத்த வாரம் அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டினோம், எழுதிக் கொடுத்தார்.

எட்டு மாதமாக அம்மாவுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கவில்லை. போன வாரம் டியூப் தீர்ந்துவிட்டது என்று அவளே கடைக்கு வந்தாள். எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏட்டி, இது இப்பத்தான் வந்த மருந்தா?"

"இல்லம்மா. ரொம்ப நாளா இருக்கு."

"நம்ம கடையிலயா?"

"நம்ம கடையிலதான்."

"எங்க இருந்துச்சு?"

உள்ளே வலதுபக்க அலமாரி, மூன்றாவது தட்டு. அவள் வந்தால் எப்போதும் உட்காரும் ஸ்டூலுக்கு நேர் மேலே. கையைக் காட்டினேன்.